சீலிங் அடிக்க முன் வாசிக்க: யாழ்ப்பாணத்து வீட்டுக்கு எல்.ஈ.டி. டவுன் லைற் தெரிவுசெய்யும் வழி

யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கட்டி முடியும் வீடு எதற்குள் போனாலும் ஹோல் சீலிங்கில் வட்ட வட்டமாக விளக்குகள் இருக்கும். டவுன் லைற், பனல் லைற், ஸ்பொட் லைற் என்று கடைக்குக் கடை பெயர் மாறும். கனடாவில் இருந்து வரும் ஆட்கள் பொட் லைற் என்பார்கள். சீலிங்கில் ஓட்டை வெட்டி, உடல் உள்ளே மறைய, முகம் மட்டும் கீழே தெரியப் பூட்டும் விளக்கு என்றால் எல்லாம் ஒரே குடும்பம்தான். முதன்முறை வாங்கப் போகிறவருக்கு இந்தக் கட்டுரை.

பெரும்பாலான வீடுகளில் இந்த விளக்குகளைத் தெரிவுசெய்பவர் வீட்டுக்காரர் அல்ல. சீலிங் அடிக்க வந்தவர் மேலே நின்றுகொண்டு “எத்தினை ஓட்டை வெட்டுறது?” என்று கேட்பார். வீட்டுக்காரர் பக்கத்து வீட்டை நினைத்து ஒரு எண் சொல்வார். அந்த எண்தான் அடுத்த பத்து வருடத்துக்குக் கரண்ட் பில்லில் வந்துகொண்டிருக்கும். எந்த பிராண்ட், மின்சிக்கனத்துக்குப் பெட்டியில் எத்தனை நட்சத்திரம் என்பதை விட, எத்தனை விளக்கு, அவை எத்தனை சுவிச்சில் என்ற இரண்டு கேள்விகளில்தான் காசு மிச்சம் பிடிக்கப்படுகிறது. ஆகவே கடைக்குப் போகும் முன் வீட்டில் இருந்தே தொடங்குவோம்.

உங்கள் கூரைக்கு இது பொருந்துமா?

ஓட்டு வீடு, சீலிங் இல்லை, அடிக்கும் எண்ணமும் இல்லை என்றால் டவுன் லைற்றை மறந்துவிடுங்கள். விளக்குக்காகச் சீலிங் அடிப்பது நட்டக் கணக்கு. நாலடி எல்.ஈ.டி. ரியூப் ஒன்று 18 அல்லது 20 வோட்டில் கிட்டத்தட்ட 2000 லூமன் தரும். அதே வெளிச்சத்தை டவுன் லைற்றில் எடுக்க மூன்று விளக்கு, மூன்று ஓட்டை, மூன்று ட்ரைவர் (வீட்டுக் கரண்டை எல்.ஈ.டி.க்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) வேண்டும். அழகு குறைவு என்பதைத் தவிர ரியூப்பில் பிழை ஒன்றும் இல்லை.

தட்டு வீடு, அதாவது கொங்கிறீற் போட்ட வீடு என்றால் இரண்டு வழி. கொங்கிறீற்றுக்குக் கீழே ஜிப்சம் சீலிங் இறக்குவதாக இருந்தால் இடைவெளியை முன்கூட்டியே கேளுங்கள். மெல்லிய பனல் வகைக்கு ஒன்றரை, இரண்டு அங்குல இடைவெளி இருந்தாலே ட்ரைவரையும் வைத்துச் சமாளிக்கலாம். உள்ளே குழிந்த ஸ்பொட் வகைக்கு நாலு அங்குலமாவது வேண்டும். சீலிங் இறக்குவதில்லை என்றால் சேர்பஸ் வகை இருக்கிறது. அது தட்டோடு ஒட்டிப் பூட்டுவது, ஓட்டை தேவையில்லை, கீழ்வரும் கணக்கெல்லாம் அதற்கும் பொருந்தும்.

ஓட்டுக்கோ சீற்றுக்கோ கீழே பிவிசி சீலிங் அல்லது சதுரத் தட்டுச் சீலிங் அடித்த வீடுகள்தான் நம் பக்கம் அதிகம். இவற்றில் இடம் தாராளமாக இருக்கும். பிரச்சினை வெப்பமும் எலியும். இரண்டையும் பிறகு பார்ப்போம்.

எத்தனை விளக்கு?

வோட் என்பது விளக்கு எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்பதைச் சொல்லும். லூமன்தான் அது தரும் வெளிச்சம். பழைய 60 வோட் குண்டு பல்பு தந்த வெளிச்சம் சுமார் 700 முதல் 800 லூமன். நல்ல எல்.ஈ.டி. ஒன்று அதை 9 வோட்டில் தந்துவிடும். இன்றைய டவுன் லைற்றுகள் வோட்டுக்கு 80 முதல் 100 லூமன் வரை தருகின்றன. பெட்டியில் லூமன் போடாமல் வோட் மட்டும் போட்டிருந்தால், வோட்டை 80ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்குங்கள். வரும் சதுர அடியை, ஹோலுக்கு 20ஆலும், படுக்கை அறைக்கு 12 அல்லது 13ஆலும், குசினிக்கு 30ஆலும், விறாந்தைக்கும் நடைபாதைக்கும் 8 அல்லது 10ஆலும் பெருக்கினால் தேவையான லூமன் வரும். சுவர் வெள்ளை, பத்தடி உயரச் சீலிங் என்ற வீட்டுக்கு இது பொருந்தும். சுவருக்குக் கடும் நிறம் அடித்திருந்தாலோ, சீலிங் மிக உயரமாக இருந்தாலோ காற்பங்கு கூட்டுங்கள்.

ஒரு உதாரணம். 12 அடிக்கு 16 அடி ஹோல். 192 சதுர அடி. 20ஆல் பெருக்கினால் 3840 லூமன். வோட்டுக்கு 90 லூமன் தரும் 7 வோட் விளக்கு ஒன்று 630 லூமன் தரும். ஆறு விளக்கு போட்டால் 3780. போதும். மொத்தம் 42 வோட். ஆனால் நம் ஊரில் இதே ஹோலுக்கு 12 வோட்டில் பதினாலு விளக்குப் பூட்டியிருப்பதைச் சாதாரணமாகக் காணலாம். அது 168 வோட்.

இரவில் ஐந்து மணித்தியாலம் எரிகிறது என்று வையுங்கள். 42 வோட் என்றால் மாதத்துக்கு 6.3 யூனிற். 168 வோட் என்றால் 25.2 யூனிற். ஒரு ஹோலில் மட்டும் கிட்டத்தட்ட 19 யூனிற் வித்தியாசம். எல்.ஈ.டி. போட்டால் பில் குறையும் என்று கேள்விப்பட்டு மாற்றியவர்களுக்குப் பில் கூடிய கதை இப்படித்தான் நடக்கிறது. முன்பு ஒரே ஒரு ரியூப் எரிந்த இடத்தில் இப்போது பதினாலு விளக்கு எரிகிறது.

இந்த 19 யூனிற்றைச் சின்ன விஷயமாக எடுக்கக் கூடாது. மின்சார சபையின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும். மாதம் 60 யூனிற்றுக்குள் நின்றால் ஒரு கட்டண வரிசை. 60ஐத் தாண்டினால் வேறு வரிசை. அதில் முதல் யூனிற்றுக்கே கூடிய விலை. பிறகு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் யூனிற் விலை ஏறும், மாதாந்த நிலையான கட்டணமும் ஏறும். 55 யூனிற் பாவிக்கும் வீடு 74க்குப் போனால் கூடுவது அந்த 19 யூனிற்றின் விலை மட்டும் அல்ல, பழைய 55இன் விலையும் சேர்ந்து ஏறும். கடந்த மூன்று நாலு பில்லை எடுத்து, எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். விளிம்புக்குக் கிட்ட நிற்பவர்கள் விளக்கின் எண்ணிக்கையில் கண்டிப்பாக இருக்க வேண்டும். 150 யூனிற்றில் நிம்மதியாக நடுவில் நிற்கும் வீட்டுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை.

சுவிச்சைப் பிரியுங்கள்

ஆறு விளக்கையும் ஒரே சுவிச்சில் கொடுத்தால், ரீவி பார்க்கும்போதும் ஆறும் எரியும், ஒருவர் தண்ணீர் குடிக்க எழும்பிப் போனாலும் ஆறும் எரியும். நடு இரண்டும் ஒரு சுவிச், கரை நாலும் இன்னொரு சுவிச் என்று பிரித்தால் சாதாரண நாளில் இரண்டே விளக்கில் ஹோல் ஓடும். வயரிங் நேரத்தில் இதற்கு ஆகும் மேலதிகச் செலவு கொஞ்ச வயரும் ஒரு சுவிச்சும்தான். சுவர் பூசிய பிறகு செய்வதென்றால் வெட்டிப் பூச வேண்டும். ஐந்து நட்சத்திர விளக்கு வாங்கி மிச்சம் பிடிப்பதை விட இது கூடுதலாக மிச்சம் பிடித்துத் தரும் என்பது என் கணிப்பு.

மங்கலாக்கும் டிம்மர் சுவிச் போட நினைத்தால் விளக்கின் பெட்டியில் டிம்மபிள் என்று இருக்க வேண்டும். சாதாரண விளக்கை டிம்மரில் பூட்டினால் துடிக்கும், இரையும், ட்ரைவர் விரைவில் போகும். மலிவாக முடிக்க நினைப்பவருக்கு டிம்மர் தேவையில்லை. இரண்டு சுவிச் அதே வேலையைச் செய்யும்.

2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். இன்வேட்டர் போட்ட வீடு, அல்லது பின்னர் போட எண்ணும் வீடு என்றால், அறைக்கு ஒரு விளக்கு என்று தெரிந்தெடுத்து அவற்றின் வயரைத் தனி லைனாகப் போர்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள். எல்லாமாக முப்பது வோட்டுக்குள் வீடு முழுக்க நடமாடலாம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு விளக்குக் கொளுத்திப் படித்த தலைமுறைக்கு முப்பது வோட் என்பது கல்யாண வீட்டு வெளிச்சம்.

எந்த வகை

மெல்லிய பனல் விளக்கு: வட்டமாகவோ சதுரமாகவோ வரும், முகம் முழுக்கப் பால் நிறத் தட்டு, வெளிச்சம் அகலப் பரவும். பொது வெளிச்சத்துக்கு இதுதான் மலிவு. குறைந்த விளக்கில் அறை நிறையும். பார்க்கும் கோணத்தில் கொஞ்சம் கண் கூசும்.

கொப் ஸ்பொட்: நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு, சுற்றிக் குழிவான கண்ணாடிக் கிண்ணம். வெளிச்சம் ஒடுக்கமாக இறங்கும். வெளிச்சம் விரியும் கோணம் 24, 38, 60 பாகை என்று பெட்டியில் இருக்கும். சுவரில் தொங்கும் படத்துக்கும், சாமியறைக்கும், அலுமாரி முன்புறத்துக்கும் அழகு. ஹோல் முழுவதையும் இதனால் நிறைக்கப் போனால் தரையில் வட்டம் வட்டமாக வெளிச்சமும் இடையில் இருட்டுமாக இருக்கும். அந்த இருட்டை நிறைக்க இன்னும் விளக்கு வாங்க வேண்டிவரும்.

மூன்றாவது, வெறும் வளையமும் ஹோல்டரும் வாங்கி அதற்குள் ஜியு10 என்ற, இரண்டு காலை முறுக்கிப் பூட்டும் பல்பு போடுவது. கடைக்காரர்கள் இதைப் பெரிதாகக் காட்டமாட்டார்கள், ஆனால் எனக்குப் பிடித்தது. பல்பு போனால் பல்பை மட்டும் திருகிக் கழற்றி வேறு போடலாம். எலெக்ட்ரீசியன் வேண்டாம், அதே அளவு விளக்கு இன்னும் கடையில் இருக்கிறதா என்ற கவலையும் இல்லை. குறை, வெளிச்சம் கொஞ்சம் ஒடுக்கம், பல்பு பொதுவாக 5 முதல் 7 வோட்டுக்குள்தான். பழைய வீட்டில் 50 வோட் ஹலோஜன் ஸ்பொட் இருந்தால், 230 வோல்ட் ஜியு10 வகையா, ட்ரான்ஸ்போமரில் ஓடும் 12 வோல்ட் வகையா என்று பார்த்து, முதலாவது என்றால் நேராக எல்.ஈ.டி. பல்பு மாற்றிவிடலாம். பிவிசி சீலிங்கில் ஹலோஜன் இருக்கவே கூடாது. அந்தச் சூட்டில் பிவிசி வளைந்துவிடும்.

சுவிச்சைப் போட்டு நிறுத்தி மறுபடி போட மஞ்சள், இளவெள்ளை, வெள்ளை என்று நிறம் மாறும் மூன்று நிற விளக்கும் வந்திருக்கிறது. ஒன்று இரண்டு போடுவதென்றால் பரவாயில்லை. ஆறு, எட்டு என்று ஒரே சுவிச்சில் போட்டால், கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் ஒன்று மட்டும் வேறு நிறத்துக்குப் பாய்ந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து ஒன்றாக்க வேண்டும். விருந்தினர் இருக்கும்போது பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

கனடா விளக்கு

இதற்குத் தனித் தலைப்புத் தேவை. கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், நமக்கு 230. அங்கே மலிவாகக் கிடைத்தது என்று அண்ணா சூட்கேசில் கொண்டுவரும் விளக்கின் ட்ரைவரில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால், இங்கே பூட்டிய உடனே புகைந்துவிடும். 100 முதல் 240 வரை, அல்லது 85 முதல் 265 வரை என்று இருந்தால் ஓடும். லண்டன், பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி எல்லாம் நம்மைப் போல 230. அங்கிருந்து வருவதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எங்கிருந்து வந்தாலும் வாரண்டிக்கு அங்கேதான் போக வேண்டும். ஒன்று பழுதானால் அதே முகத்தோடு இன்னொன்று கஸ்தூரியார் வீதியிலும் கிடைக்காது, ஸ்ரான்லி வீதியிலும் கிடைக்காது.

கடையில் பெட்டியை வாசிப்பது

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி “வெள்ளையா, மஞ்சளா?” அதைக் கெல்வின் எண்ணில் சொல்லப் பழகுங்கள். 3000 மஞ்சள், 4000 நடு, 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் ஊரில் 6500தான் அதிகம் விலைப்படுகிறது. பளிச்சென்று இருப்பதால் கூடிய வெளிச்சம் என்று தோன்றும். குசினிக்கும் படிக்கும் மேசைக்கும் 4000 நல்லது, 6500 வேண்டுமானாலும் போடலாம். படுக்கை அறைக்கு 3000. சாமியறைக்கும் 3000தான். குத்துவிளக்கின் சுடரோடு அது சண்டை பிடிக்காது. ஹோலுக்கு 4000 என்பேன். எந்த நிறம் எடுத்தாலும் கண்ணுக்கு ஒருசேரத் தெரியும் இடங்களுக்கு ஒரே நிறம் எடுங்கள்.

அடுத்து சிஆர்ஐ. சாமானின் உண்மை நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான எண். 80க்குக் குறைந்ததை எடுக்க வேண்டாம். நிறம் பார்த்துச் சேலை தெரிவுசெய்யும் கண்ணாடி முன்பும், மீன் வெட்டும் குசினி மேசைக்கும் 90 கிடைத்தால் நல்லது.

வோல்ட் வரம்பு நம் பக்கத்துக்கு முக்கியம். லைனின் கடைசியில் இருக்கும் கிராமங்களில் இரவு ஏழு எட்டு மணிக்கு வோல்ட் இறங்கும். 220 முதல் 240 என்று ஒடுக்கமாகப் போட்ட ட்ரைவர் அந்நேரம் துடிக்கும். 85 முதல் 265 என்று அகலமாகப் போட்டிருப்பது தாங்கும்.

ஆயுள் 25,000 மணித்தியாலம் என்று பெட்டி சொல்லும். ஒரு நாளைக்கு ஐந்து மணி என்றால் பதின்மூன்று வருடத்துக்கு மேல். அது எல்.ஈ.டி. சில்லின் கணக்கு. நடைமுறையில் முதலில் போவது ட்ரைவர். அதற்குள் இருக்கும் கப்பாசிற்றர்கள் சூட்டுக்கு ஆகாதவை. பத்துப் பாகை சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாகப் பாவிக்கும் கணக்கு. ஆகவே ட்ரைவர் விளக்கின் உடலோடு ஒட்டியிருக்கிறதா, தனிப் பெட்டியாகச் சின்ன பிளக்கில் தொங்குகிறதா என்று திருப்பிப் பாருங்கள். தனியாக இருப்பதையே எடுங்கள். பின்புறம் அலுமினியமா, பிளாஸ்ரிக்கா என்பதைக் கையில் தூக்கினாலே தெரியும். பாரம் இருப்பது நல்லது.

எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையும், நட்சத்திரக் குறியும் இருந்தால் அதே விலையில் அவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஒரேஞ்ச், கெவில்டன், பிலிப்ஸ் போன்ற தெரிந்த பெயர்களின் நன்மை விளக்கில் பாதி, வாரண்டியில் பாதி. ஒரு வருடமா இரண்டு வருடமா, மாற்றித் தருவது அந்தக் கடையிலேயேயா, கொழும்புக்கு அனுப்பியா என்று கேட்டு, திகதியோடு பில் எழுதுவியுங்கள். பெயர் தெரியாத விளக்கு பாதி விலைக்கு வரும். விறாந்தை மூலைக்கு, களஞ்சிய அறைக்கு என்றால் எடுக்கலாம். தினமும் ஐந்து மணித்தியாலம் எரியும் ஹோலுக்கு வேண்டாம்.

பெட்டிக்கு வெளியே இரண்டு சோதனை. கடையில் விளக்கைப் போட வைத்து, தொலைபேசிக் கமராவைக் கிட்டப் பிடித்து, திரையில் கறுப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். தடித்த கோடு வேகமாக ஓடினால் விளக்கு துடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தலையிடி தரும். இரண்டாவது, வோட் உண்மையா என்பது. ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு மிச்சத்தை எடுக்க நினைப்பவர்கள் வீட்டில் வோட் மீற்றர் இருந்தால் அதில் போட்டுப் பார்க்கலாம். எல்லாம் பூட்டி முடிந்த பிறகு என்றால் மின்சார சபை மீற்றரே போதும். டிஜிற்றல் மீற்றரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கும். பக்கத்தில் 1 யூனிற்றுக்கு எத்தனை மினுக்கு என்று எழுதியிருக்கும். அது 1000 என்றால், வீட்டில் வேறெல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 36 வோட் விளக்கை மட்டும் எரிய விட, 100 செக்கனுக்கு ஒருமுறை மினுங்க வேண்டும்.

ஓட்டைக்கு அடையாளம் போடுவது

வாங்கும் அளவு விளக்கின் வெளி வட்டத்தில் சொல்லப்படும். வெட்டும் ஓட்டை அதைவிடச் சிறிது. 6 வோட் வட்டப் பனல் பொதுவாக 120 மில்லிமீற்றர் வெளி வட்டம், ஓட்டை 105 அளவில். கொம்பனிக்குக் கொம்பனி மாறும். ஆகவே விளக்கைக் கையில் வாங்கி அளந்த பிறகே சீலிங் வேலைக்காரரை வெட்ட விடுங்கள். விளக்கு வாங்காமல் வெட்டிய ஓட்டைக்கு விளக்குத் தேடி அலைவது யாழ்ப்பாணத்தில் நடக்கிற வேலைதான்.

சுவரில் இருந்து முதல் விளக்கு இரண்டரை மூன்று அடி, விளக்குக்கும் விளக்குக்கும் ஐந்து ஆறு அடி. பத்தடிச் சீலிங்குக்கு இது சரியாக இருக்கும். ஃபானின் இறக்கை சுழலும் வட்டத்துக்கு மேலே விளக்கு வரவே கூடாது. இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி அறை முழுக்க நிழல் ஓடும், பத்து நிமிடம் இருக்க முடியாது. 56 அங்குல ஃபானுக்கு நடுவில் இருந்து நாலடியாவது தள்ளுங்கள். கட்டிலில் படுத்தால் முகத்துக்கு நேரே வரும் இடத்தையும் தவிர்க்க வேண்டும். தலையணை வரும் இடத்தை அளந்து, அங்கே தரையில் பத்திரிகையை விரித்து, படுத்துப் பார்த்தே அடையாளம் போடலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

குசினியில் பலரும் அறையின் நடுவில் விளக்கை வைக்கிறார்கள். மேசையைப் பார்த்து நிற்கும்போது விளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கும். வெங்காயம் வெட்டும் இடத்தில் உங்கள் நிழலே விழும். மேசையின் முன் விளிம்புக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். விறகடுப்பு உள்ள குசினியில் டவுன் லைற் வேண்டாம். புகையும் கரியும் மூன்று மாதத்தில் முகத்தை மூடிவிடும். துடைக்கக் கூடிய ரியூப்தான் அங்கே சரி.

குளியலறைக்கும் போர்ட்டிக்கோவுக்கும் ஐபி எண்ணைப் பாருங்கள். தண்ணீரையும் தூசியையும் விளக்கு எவ்வளவு தாங்கும் என்பதை அது சொல்லும். ஷவருக்கு நேர் மேலே 65, மற்ற இடத்துக்கு 44. காரைநகர், பருத்தித்துறை போன்ற கடற்கரைப் பக்கத்து வீடுகளில் போர்ட்டிக்கோ விளக்கின் இரும்பு ஸ்பிரிங் உப்புக் காற்றில் துருப்பிடித்து விளக்குத் தொங்கும். அலுமினிய உடலும் துருப்பிடிக்காத ஸ்பிரிங்கும் கேட்டு வாங்குங்கள். முகம் மூடிய வகை எடுத்தால் மாரி காலத்தில் ஈசல் உள்ளே புகுந்து செத்துக் கிடக்காது. வெளியே மஞ்சள் நிறம் போட்டால் பூச்சி வருவதும் குறையும்.

மேலே, சீலிங்குக்குள்

இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டாம். என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள எலெக்ட்ரீசியனைப் பிடியுங்கள். ஆனால் அவர் செய்வதைப் பார்க்கத் தெரிந்திருங்கள். விளக்கு லைனுக்கு 1/1.13 வயர் போதும். வயர் முழுவதும் கொண்டியூட் பைப்புக்குள் போக வேண்டும். “சீலிங்குக்கு மேலதானே, ஆர் பாக்கிறது” என்று வெறுமனே விரித்துவிட்டால் எலி பார்க்கும். அணிலும் பார்க்கும். இணைப்புகளை ரேப் சுற்றி விடாமல், கனெக்டர் போட்டுச் சின்னப் பெட்டிக்குள் அடக்கச் சொல்லுங்கள்.

ஓட்டுக்கும் சீற்றுக்கும் கீழே பகலில் ஏறும் சூடு இரவு ஏழு மணிக்கும் முழுதாக இறங்கியிருக்காது. அதில்தான் ட்ரைவர் வேலை செய்ய வேண்டும். சூடு தடுக்கும் வெள்ளிப் பாயோ பஞ்சுப் பாயோ விரித்திருந்தால் விளக்குக்கு மேலும் ட்ரைவருக்கு மேலும் அது மூடாமல் ஒதுக்குங்கள். ட்ரைவரை விளக்கின் முதுகில் படுக்க வைக்காமல் ஒரு அடி தள்ளி, ஆனால் ஓட்டைக்குள்ளால் கைவிட்டு எடுக்கக் கூடிய தூரத்தில் வைக்க வேண்டும்.

வேலை முடிந்து சுவிச்சை நிறுத்திய பிறகும் இருட்டில் விளக்கு மங்கலாக மின்னினால், சுவிச்சில் இன்டிகேற்றர் விளக்கு இருக்கலாம். அது இல்லாவிட்டால் சுவிச் லைவ் வயரை வெட்டாமல் நியூட்ரலை வெட்டுகிறது என்று சந்தேகியுங்கள். அப்படியானால் சுவிச்சை நிறுத்தியும் விளக்கில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். திருப்பிக் கூப்பிட்டுத் திருத்துவியுங்கள். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானையும் அன்றே அவர் முன்னால் அமத்திப் பாருங்கள்.

ஐப்பசி இடி மின்னலுக்கும், போன கரண்ட் துள்ளிக்கொண்டு வரும் நேரத்துக்கும் எல்.ஈ.டி. ட்ரைவர் பயந்த சாமான். போர்டில் ஒரு சேர்ஜ் புரொட்டெக்டர் போட்டால் விளக்கோடு ரீவியும் பிரிட்ஜும் தப்பும்.

பழுதானால்

வாங்கும்போதே ஒவ்வொரு அளவிலும் ஒன்று கூடுதலாக வாங்கி அலுமாரியில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே மொடல் வராது, வந்தாலும் விளிம்பின் வெள்ளை ஒத்துப்போகாது. ட்ரைவரின் மேல் பூட்டிய திகதியை மார்க்கரால் எழுதிவிடுங்கள். வாரண்டிக்கும் உதவும், எந்த இடத்து ட்ரைவர் அடிக்கடி போகிறது என்றும் தெரியும்.

ஒரு விளக்கு அணைந்துவிட்டால் உடனே முழு விளக்கையும் எறிய வேண்டாம். பிறேக்கரை நிறுத்தி, விளக்கைக் கீழே இழுத்து, சின்ன பிளக்கைக் கழற்றி, நன்றாக எரியும் பக்கத்து விளக்கின் ட்ரைவரை இதற்குக் கொடுத்துப் பாருங்கள். எரிந்தால் போனது ட்ரைவர் மட்டும். பழைய ட்ரைவரைக் கழற்றிக் கையில் கொண்டு போங்கள். அதன் அவுட்புட் என்ற இடத்தில் மில்லி அம்பியரும் வோல்ட் வரம்பும் எழுதியிருக்கும். 300 மில்லி அம்பியர் என்றால் 300ஐத் தாண்டக் கூடாது. கடைக்காரர் “இது கொஞ்சம் கூட, பிரச்சினை இல்லை” என்று 450ஐத் தந்தால் வாங்க வேண்டாம். சில நாள் பளிச்சென்று எரிந்து விளக்கும் போய்விடும். கொஞ்சம் குறைந்த மில்லி அம்பியர், வோல்ட் வரம்பு பொருந்தினால், எடுக்கலாம்: வெளிச்சம் சற்றுக் குறையும், ஆயுள் கூடும்.